மஞ்சள் புகை

ஜனவரி 20, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரியின் சிறுநீரகப் பிரிவு டாக்டரம்மா ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு தண்ணீர் குடித்தேன், எவ்வளவு வெளியே போனது, எங்கே வலித்தது, என்ன மாத்திரை விழுங்கினேன், எல்லாவற்றையும் தினமும் எழுதி மூன்று வாரம் கழித்துக் கொண்டுவர வேண்டுமாம். அவர் பெயர் ஹம்சவேணி. சின்ன வயது. "எழுதத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பத்தாம் வகுப்பில் தமிழுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கியவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "தெரியுங்க. வேணும்னா உங்க மருந்துச் சீட்டையும் நானே எழுதித் தர்றேன், நாலு பேர் படிக்கிற மாதிரி இருக்கும்" என்றேன். நல்லவேளை, சிரித்துவிட்டார்.

ஆகவே முறையாக ஆரம்பிக்கிறேன். பெயர் தனக்கோடி. வயது நாற்பத்தெட்டு. ஊர் சேலம். தொழில், வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைப்பு. அதாவது கண்ணியையும் கண்ணியையும் பொடி வைத்துத் தீயில் ஒட்டுவது. எங்கள் பேச்சில் அது 'பத்து'. இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். நான் ஒட்டிய கண்ணி விட்டுப்போய் ஒரு கொலுசாவது கடைக்குத் திரும்பி வந்தது என்று யாராவது சொல்லட்டும், என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். எங்கள் தெருவில் 'தனக்கோடி பத்து' என்றாலே தனி மரியாதை.

தண்ணீர்: நாலு லிட்டர். போனது: அதற்கும் மேலே. வலி: விலா, இடுப்பு, கொஞ்சம். மாத்திரை: இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இங்கே எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். போன ஐப்பசியில் எங்கள் தெருவில் இலவச முகாம் போட்டார்கள். என் சிறுநீரில் சோதனைப் பட்டையை முக்கி எடுத்த நர்ஸ், "அம்மா, சர்க்கரை எக்கச்சக்கமா இருக்கு" என்றாள். அன்றிலிருந்து காபியில் சர்க்கரை கிடையாது. தீபாவளிக்கு வீட்டுக்காரர் என் எதிரிலேயே மைசூர்பாகு தின்றார், நான் பாகற்காய் தின்றேன். பிறகு ரத்தத்தில் பார்த்தால் தொண்ணூற்றிரண்டு. மறுபடியும் பார்த்தார்கள், எண்பத்தொன்பது. ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் சிறுநீரில் மட்டும் எப்படி வழிகிறது என்று சர்க்கரை டாக்டருக்கே புரியவில்லை. கையை விரித்து இங்கே அனுப்பினார்.

என்னைப் போன்ற கேஸ் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வருமாம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதுலயும் பெருமையா?" என்றார். ஏன், இருக்கக் கூடாதா?

மாத்திரை: இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

பட்டறை மாடியில். பதினாறு படி. நாங்கள் நாலு பேர்: நான், பூங்காவனம், ரெஜினா, மாதம்மாள். மூவருக்கும் வேலை கற்றுக்கொடுத்தது நான்தான். மின்விசிறி போட மாட்டோம், சன்னலையும் திறக்க மாட்டோம். காற்று வந்தால் சுடர் ஆடும், சுடர் ஆடினால் பத்து பிசகும். அதோடு வெள்ளித் தூசி பறந்துவிடும். கூட்டிய குப்பையைக்கூட வீசுவதில்லை. கை கழுவுகிற தண்ணீர் ஒரு வாளியில் விழும். அதைத் தெளியவைத்து, அடியில் நிற்கிற வண்டலை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருக்கி வெள்ளி எடுப்போம். எங்கள் பட்டறையில் ஒரு பொட்டு வெள்ளி வீணாகாது. இந்த ஒழுங்கைக் கொண்டுவந்ததும் நான்தான்.

பூங்காவனத்துக்கு இன்று இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்கு அடுத்த இடத்தில், மூடிய சன்னலுக்குக் கீழே உட்காருகிறவள். என் சுருக்குப் பையில் எப்போதும் வலி மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். இரண்டைக் கிழித்துக் கொடுத்தேன். அரை மணியில் எழுந்து நடமாடினாள். "அக்கா, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

அந்த அட்டை மற்றவர்களுக்காக வைத்திருப்பது. எனக்கு மாத்திரை: இல்லை.

ஜனவரி 29, புதன்

பொடிக்கு உருக்குகிற நாள். இதை மட்டும் யாரையும் செய்ய விட மாட்டேன். மூன்று பேரையும் வெளியே வராந்தாவில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்வேன். மூசையில், அதாவது உருக்குகிற கிண்ணத்தில், வெள்ளி இளகியதும் இன்னொரு சரக்கைப் போட வேண்டும். நகைக்கடையில் கேடியெம் என்பார்களே, அதுதான். போட்டதும் மஞ்சளாகப் புகை எழும். அது பழுப்பாகி, மெலிந்து, நிற்கிற நொடியில் மூசையை இறக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் பொடி கட்டியாகும், பிந்தினால் ஓடாது. அதைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, குனிந்து மூக்கால் பிடிக்க வேண்டும். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்பது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்காரருக்குக்கூடச் சொன்னதில்லை.

சாயந்தரம் நெஞ்சு இறுகி, வாயில் இனிப்பாக இரும்பு ருசி. உருக்குகிற நாளில் அது வழக்கம்தான்.

இந்தப் பக்கத்தை டாக்டரம்மாவிடம் கொடுக்கும் முன் கிழித்துவிட வேண்டும்.

மாத்திரை: இல்லை.

பிப்ரவரி 3, திங்கள்

பதினாறு படியும் ஏறினேன். நடுவில் கொலுசுப் பையைச் சரிசெய்துகொள்ள மூன்று முறை நின்றேன், அவ்வளவுதான். மாத்திரை: இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லி ஐந்து லிட்டர் கேன் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது பாதிகூட நிறையாதாம். எனக்குக் கழுத்து வரை வந்துவிட்டது. வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுலயும் முதல் மார்க்கா?" என்றார்.

மாத்திரை: இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் கேனைக் காட்டி, "செக்கு எண்ணெயா? எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். "வீட்டுல ஆட்டுனது" என்று சொல்லிவிட்டு இறங்கும்வரை சிரிப்பை அடக்கினேன். சிரித்தால் விலா வலிக்கிறது.

வலிக்கக் காரணமும் இன்று தெரிந்தது. எக்ஸ்ரேயில் விலா எலும்பில் விரிசல். விழவில்லை, இடித்துக்கொள்ளவில்லை, தானாகவே விரிந்திருக்கிறது. சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீரகத்தில் முதலில் ஒரு சல்லடை, அதற்குப் பின்னால் தலைமுடியைவிட மெல்லிய குழாய்கள். சல்லடை எல்லாவற்றையும் கீழே விட்டுவிடும். சர்க்கரை, எலும்புக்கு வேண்டிய உப்பு, எல்லாம் அதில் போகும். பின்னால் வருகிற குழாய்தான் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து ரத்தத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"புரியுதாம்மா?"

"கை கழுவுற தண்ணிலிருந்து வெள்ளி எடுக்கிற ஆள் எனக்குள்ள வேலைக்கு வர்றதில்ல. அதானுங்க?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இருபது வருஷம் கழிச்சும் நான் இதைத்தான் மாணவர்களுக்குச் சொல்லுவேன்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பிறகுதான் அவர் கேட்க ஆரம்பித்தார். என்ன வேலை? பொடியில் என்ன கலப்பீர்கள்? வெள்ளியும் செம்பும் என்றேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லின் அடியில் இருந்த மஞ்சள் வளையத்தை டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். வெற்றிலைக் கறையாக இருக்கும் என்றேன். நான் வெற்றிலை போடுவதில்லை.

"வலி மாத்திரை ஏதாவது?"

"தொட்டதே இல்லைங்க."

"தொடாதீங்க. ஏற்கனவே அடிபட்ட சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும்." கேனிலிருந்து கொஞ்சம் எடுத்துச் சென்னைக்கு அனுப்புகிறார், உலோகம் பார்ப்பதற்கு. ஒரு வாரம் ஆகுமாம். நோட்டைக் கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். அது என் பையில்தான் இருந்தது.

மாத்திரை: இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பூங்காவனம் மாத்திரை கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். ஏனோ கொடுக்க மனம் வரவில்லை. அவள் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பும்போது மேலே நின்று பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஐந்து இடத்தில் நின்றாள். அவள் கையில் பை எதுவும் இல்லை. வயது முப்பத்தாறு.

மாத்திரை: இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சென்னையிலிருந்து முடிவு வந்துவிட்டது. காட்மியம். இருக்கவேண்டிய அளவைப் போலப் பல மடங்கு. அதுதான் கேடியெம் என்று டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். புகையாக உள்ளே போய்ச் சிறுநீரகத்திலேயே தங்கிக் குழாய்களைத் தின்னுமாம். வெளியேற இருபது முப்பது வருடம் ஆகுமாம்.

"உங்க பக்கத்துல உக்காந்து எத்தனை பேர் வேலை செய்றாங்க?"

"யாரும் இல்லைங்க. நான் ஒருத்திதான்."

எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தேன், என் நிறுத்தம் தாண்டிவிட்டது.

மாத்திரை: இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மதியம் பூங்காவனம் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு அட்டை எடுத்தாள். நான் வைத்திருக்கிற அதே அட்டை, அதே ரோஜா நிறம்.

"இது ஏது?" என்றேன்.

"உங்களுக்குத் தீந்துபோச்சுன்னு சொன்னீங்கல்ல? என்கிட்ட எப்பவும் இருக்கும்க்கா. உங்களைக் கேக்கறது அவசரத்துக்கு."

"எப்பவும்னா?"

"நாலு வருசமா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நீங்க குடுத்த காலி அட்டையைக் காமிச்சுத்தான் வாங்குவேன். ஒருதரம் கடைக்காரர்கூட டாக்டரைப் பாக்கலியான்னு கேட்டாரு. தனக்கோடியக்கா குடுத்ததுங்க, தப்பா இருக்காதுன்னேன்."

சொல்லிவிட்டு மாத்திரையை வாயில் போடப் போனாள். தட்டிவிட்டேன். அது உருண்டு கை கழுவுகிற வாளியில் விழுந்தது. மூன்று பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

எழுந்துபோய்ச் சன்னல் தாழ்ப்பாளை இழுத்தேன். துருப்பிடித்து அசையவில்லை. சுத்தியால் நாலு போடு போட்டேன். என் விலா உயிர் போகிறாற்போல் வலித்தது. சன்னல் கதவு திறந்ததும் வெயிலும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. சுடர் அணைந்தது.

"தூசி பறக்குதுக்கா!" என்று ரெஜினா கத்தினாள்.

"பறக்கட்டும்" என்றேன். இருபத்தாறு வருடத்தில் அந்த அறையில் அப்படி ஒரு சொல்லை நான் சொன்னதில்லை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். புகை, குழாய், எலும்பு, என் பரிசோதனை முடிவு, அந்த மாத்திரை. மாதம்மாள் அழுதாள். பூங்காவனம் அழவில்லை. "பொடி உருக்கறப்ப எங்களை வெளிய அனுப்புனீங்களே. கெடுதல்னு தெரிஞ்சுதானேக்கா?" என்று கேட்டாள். தெரியாது. பங்கு யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அனுப்பினேன். அதைச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று என் காதிலேயே விழுந்தது. ஏதோ பெரிய பொக்கிஷத்தைக் காப்பதாக நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். சாத்திய கதவைத் திறந்து, புகை அடங்காத அதே அறையில்தான் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

பூங்காவனம் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த நோட்டில் இதுவரை எழுதாத வரி இது. இன்னொன்று. மாத்திரை: தினமும் இரண்டு, சில நாள் மூன்று. ஆறு வருடமாக.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. "என்னைத் திட்டு, அப்புறம் பேசாமலே இரு. ஆனா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா" என்றேன். அவளுக்கென்று கொண்டுபோன காலிக் கேனை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மாத்திரை: ஆறு நாளாக இல்லை. வலி உயிரை எடுக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

நாலு பேர், நாலு கேன், ஒரே பஸ். பூங்காவனம் கடைசி நிமிடத்தில் ஏறினாள், மூன்று சீட் தள்ளி உட்கார்ந்தாள். கண்டக்டர், "என்னம்மா, கல்யாண வீட்டுக்கு மோரா?" என்றார்.

நோட்டை டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். எந்தப் பக்கத்தையும் கிழிக்கவில்லை. நின்றபடியே முழுவதையும் படித்தார். வெளியே கூட்டம் சத்தம் போட்டது, அவர் நிமிரவில்லை.

"'மாத்திரை இல்லை'ன்னு இருபத்தொன்பது நாள் எழுதியிருக்கீங்க."

"இருபத்தொன்பதும் பொய்ங்க. கிழிச்சிருக்கலாம். கிழிச்சா நீங்க எப்படி வைத்தியம் பாப்பீங்க?"

பொடியில் எத்தனை பங்கு காட்மியம் என்று கேட்டார். நோட்டை வாங்கி, அவர் மேஜையிலேயே குனிந்து எழுதிக் கொடுத்தேன். இத்தனைக்கு இத்தனை, எவ்வளவு நேரம், எந்த நிறத்தில் இறக்க வேண்டும், எல்லாம். இருபத்தாறு வருட ரகசியம் நாலு வரியில் முடிந்துவிட்டது. பின்னால் நின்ற மூன்று பேரும் எட்டிப் படித்தார்கள். படிக்கட்டும் என்று நகர்ந்து நின்றேன்.

"அழகான கையெழுத்தும்மா" என்று சொல்லி நோட்டைத் திருப்பித் தந்தார் டாக்டரம்மா. அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் நிமிர்வு வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ரெஜினாவுக்கும் மாதம்மாளுக்கும் லேசாகத்தான் இருக்கிறது. பயப்பட வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பூங்காவனத்துக்குக் கூடுதல். குழாய் கசிய ஆரம்பித்திருக்கிறது, எலும்பு இன்னும் விரியவில்லை. புகையையும் மாத்திரையையும் இப்போதே விட்டால் இதோடு நிறுத்திவிட வாய்ப்பு உண்டு என்றார்.

"நான்?" என்றேன்.

"உங்களுக்குப் போனது திரும்பாதும்மா. ஆனா போயிட்டே இருக்கிறதை ஈடுகட்டலாம்." வெளியேறுகிற உப்பைத் திரும்பக் கொடுக்க நாலு வகை மருந்து எழுதினார். உள்ளே இருக்கிற ஆள் செய்யாத வேலையை இனி நான் வெளியிலிருந்து செய்ய வேண்டும்.

மார்ச் 21, வெள்ளி

முதலாளிக்குப் போன் செய்து, இனி காட்மியம் இல்லாத பொடிதான் என்றேன். "ஊரே அதைத்தான் போடுது, உனக்கு மட்டும் என்னம்மா?" என்றார். "ஊரே 'தனக்கோடி பத்து' வைக்குதுங்களா?" என்றேன். சிரித்தார், ஆனால் ஒரு மாதம்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார்.

புதுப் பொடிக்குச் சூடு அதிகம் வேண்டும். முதல் நாள் பொடி இளகுவதற்குள் கண்ணியே உருகி உருண்டையாகிவிட்டது. இரண்டாம் நாளும். புதிதாக வந்தவள்போல் உட்கார்ந்து விழித்தேன். சன்னலில் புகையை வெளியே இழுக்கும் விசிறி பொருத்தினோம். காற்றில் சுடர் ஆடாமலிருக்க பிஸ்கட் டின்னை வெட்டி மறைப்பு செய்தேன். தூசி போகாமலிருக்க விசிறிக்கு முன்னால் ஈரத்துணி. எல்லோரும் முகமூடி கட்டுகிறோம், பூங்காவனம் மட்டும் இன்னும் வேலைக்கு வரவில்லை. அந்தத் துணியையும் வாளியிலேதான் அலசுகிறோம். ஒரு பொட்டு வெள்ளி இன்னும் வீணாகவில்லை, இதை டாக்டரம்மா படிக்க வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. விடுமுறை என்றாலும் கை பழக வேண்டும் என்று நான் மட்டும் பட்டறைக்கு வந்தேன். பத்து மணிக்குப் படியில் சத்தம். மெதுவாக, நின்று நின்று. பூங்காவனம்.

நேரே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். முகமூடி கட்டினாள், டின் மறைப்பை இழுத்து வைத்தாள், சுடரைக் கூட்டினாள். நான் செய்ததுபோல் தீயைப் பொடிக்கு நேரே காட்டவில்லை. கண்ணியின் இரண்டு பக்கத்தையும் முதலில் சூடாக்கி, கடைசியில்தான் பொடியைத் தொட்டாள். பொடி தண்ணீராக ஓடி உட்கார்ந்தது. வாங்கி முறுக்கிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், பல்லால் கடிக்காத குறை. அசையவில்லை.

"இது என் பத்தைவிட நல்லா இருக்குடி" என்றேன்.

"சன்னல் பக்கத்து இடம் எனக்குத்தான். நான் வராத நேரமாப் பாத்து மாத்திப்புடாதீங்க" என்றாள். இரண்டு மாதத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

ஜூன் 9, திங்கள்

கடையிலிருந்து ஒரு கொலுசு திரும்பி வந்தது. புதுப் பொடியில் ஆரம்பத்தில் நான் ஒட்டியது. ஒரு கண்ணி விட்டிருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை. பூங்காவனம் அதை ஒளித்துவைக்கப் பார்த்தாள். நான் பிடுங்கி, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஆணியில் மாட்டினேன். சொன்னது சொன்னதுதான், என் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். மாதம்மாள், "பூங்காவனக்கா பத்துன்னு வெச்சுக்கலாமா?" என்றாள். முதலாளிக்குப் போகிற பெட்டியின் மேல் என் கையாலேயே அப்படி எழுதினேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று ஆஸ்பத்திரி. என் எலும்பு உப்பு ஏறியிருக்கிறது, விலா எலும்பு ஒட்டியிருக்கிறது. சிறுநீரில் சர்க்கரை அப்படியே, அது என்னை விட்டுப் போகாது. பூங்காவனத்துக்குக் கசிவு கூடவில்லை. டாக்டரம்மா மற்றப் பட்டறைப் பெண்களுக்கும் பரிசோதனை முகாம் போடப்போகிறார். அங்கே குழாய் எப்படி வேலை செய்கிறது என்பதை வாளியை வைத்து விளக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். எந்தப் புடவை கட்டுவது என்று இப்போதே யோசனை.

திரும்பி வந்து இருவரும் பட்டறைக்குப் போனோம். கொலுசுப் பையை நான் தூக்கப் போனேன், அவள் வாங்கிக்கொண்டாள். நான் கீழேயே நின்று அவளைப் பார்த்துவிட்டுப் பிறகு ஏறினேன்.

தண்ணீர்: மூன்றரை லிட்டர். மாத்திரை: டாக்டரம்மா கொடுத்தவை மட்டும். படி: பதினாறு. மூன்று முறை நின்றேன், மூச்சு வாங்க.

பூங்காவனம்: பதினாறு படி, கையில் பையோடு. நிற்கவில்லை.